மரமும் பட்டறையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தொடைப் பருமனுள்ள கிளை ஒன்றை மேலிருந்து அறுத்துக்கொண்டிருந்தேன். பாதி அறுபடுவதற்குள் அது முறிந்து, தண்டின் பட்டையையும் இரண்டு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்துவிட்டது. மிச்சத்தைத் தண்டோடு ஒட்ட அறுத்துவிட்டுத் தார் பூசினேன். மரம் பிழைக்குமா?

பதில்: பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பட்டை உரிந்ததைவிட, அதன் பிறகு தண்டோடு ஒட்ட அறுத்ததுதான் மரத்துக்கு அதிகக் கேடு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். மோதிரம் போட்டதுபோல ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு நேர் மேலே, கிளைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கவட்டில் பட்டை நெருங்கி மடிந்து ஒரு வரம்பாக எழுந்திருக்கும். அந்தப் புடைப்பு தண்டைச் சேர்ந்தது, கிளையைச் சேர்ந்ததன்று. அழுகல் தண்டுக்குள் இறங்காமல் தடுக்கும் திறன் அங்கேதான் இருப்பதால், அதைச் சீவி எடுத்துவிட்டால் கதவைத் திறந்து வைத்ததாகிவிடும்.

நம் தோலில் காயம் பட்ட இடத்தில் புதுத் திசு வளர்ந்து பழையதன் இடத்தைப் பிடிப்பதுபோல மரத்தில் நடப்பதில்லை. பழுதுபட்ட கட்டை உள்ளேயே கிடக்க, மரம் அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, வெளிப்புறம் புதிய கட்டையை வளர்த்து மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ, ஏராளமான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து இதை நிறுவினார். அவருடைய விளக்கம் 1977இல் வெளிவந்த பிறகுதான், ஒட்ட அறுப்பதும் காயத்துக்கு மருந்து பூசுவதும் நல்ல வேலை என்ற பழைய நம்பிக்கை தளரத் தொடங்கியது. தார் அழுகலைத் தடுப்பதில்லை. அடியில் ஈரத்தைத் தேக்கி வைக்கத்தான் உதவுகிறது. ஓக் மரங்களை வாடவைக்கும் பூஞ்சை நோய் பரவியுள்ள இடங்களில் மட்டும், நோயைச் சுமந்துவரும் வண்டுகள் புதுக்காயத்தை நாடாமலிருக்க உடனே பூச்சுக் கொடுக்கிறார்கள். உங்கள் மரத்தில் பூசியதைச் சுரண்ட வேண்டாம். தொங்கும் பட்டையை மட்டும், அது இறுகப் பிடித்திருக்கும் இடம் வரையில் கூரிய கத்தியால் நறுக்கிவிட்டு, காயத்தை மேலும் அகலமாக்காமல் விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை மூன்று வெட்டாக அறுங்கள். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் கால்பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டைப் போட்டு, அதற்கு இரண்டு விரல் வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டைப் போட்டால், கிளை முறியும்போது உரியும் பட்டை அடிவெட்டோடு நின்றுவிடும். பாரம் போன பிறகு எஞ்சும் முளையைக் கையால் தாங்கிக்கொண்டு, புடைப்புக்கு வெளியே அறுத்தெடுக்கலாம். வேலை சரியாக அமைந்ததா என்பதை ஒரு பருவம் கழித்து மரமே காட்டும்: புதுக்கட்டை காயத்தைச் சுற்றி முழு வளையமாகத் திரண்டிருந்தால் சரி, இரு பக்கமும் மட்டும் உதடுபோலத் தடித்து, மேலும் கீழும் வெறுமையாக இருந்தால் ஒட்ட அறுத்திருக்கிறோம் என்று பொருள். என் இளவயதில் நான் அறுத்த காயங்களில் இந்த இரண்டாம் வடிவத்தை இன்றும் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: காற்றில் சாய்ந்த மரத்தை அறுத்துப் பலகையாக்கினேன். இரண்டே மாதத்தில் முனைகள் வெடித்து, சில பலகைகள் கிண்ணம்போலக் குழிந்துவிட்டன. எவ்வளவு காலம் உலர்த்தியிருக்க வேண்டும்?

பதில்: ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பட்டறைகளில் வழிவழியாக வரும் கணக்கு. இது தோராயமானதுதான், மரத்தின் இனத்தையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்துக் கூடலாம், குறையலாம். நாள் கணக்கைவிட எடைக் கணக்கை நம்புவதே நல்லது. அடுக்கிலிருந்து ஒரு பலகையைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை நிறுத்து, எடையையும் தேதியையும் அதன் முகத்திலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். முதலில் மளமளவென்று இறங்கும் எண், பிறகு நிதானித்து, நாலைந்து வாரம் தொடர்ந்து அசையாமல் நின்றால், அந்த இடத்துக் காற்றோடு பலகை சமநிலைக்கு வந்துவிட்டது எனலாம். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி நிறுத்துவிட்டு, 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை மாறாமல் நிற்கும் வரையில் உலர்த்தி மறுபடி நிறுக்க வேண்டும். 400 கிராம் துண்டு 250 கிராமாக நின்றால், போன 150 கிராம் நீரை 250ஆல் வகுக்க, ஈரம் 60 சதவீதம் என்று வரும்.

ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வரையில் மரம் சுருங்குவதில்லை. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருங்கத் தொடங்குகிறது. அதுவும் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழிவு வருவது இந்த வேறுபாட்டால்தான். முனை வெடிப்புக்குக் காரணம் வேறு: நார்கள் திறந்திருக்கும் முனைகளின் வழியே நீர் விரைந்து வெளியேறிவிட, உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் பகுதி அதோடு சேர்ந்து சுருங்க முடியாமல் நிற்கிறது. ஆகவே அறுத்த அன்றே முனைகளுக்கு மெழுகோ கெட்டியான பெயிண்டோ பூசுவதும், பலகைகளுக்கு இடையில் ஒரே கனமுள்ள மரச்சட்டங்களை இரண்டடிக்குக் குறைவான இடைவெளியில் ஒன்றன் மேல் ஒன்று நேராக நிற்கும்படி வைப்பதும், நிழலில் தரையிலிருந்து உயர்த்தி அடுக்கி மேலே பாரம் ஏற்றுவதும் அவசியம். குழிந்த பலகைகளை நனைத்து நிமிர்த்த முயல வேண்டாம். உலர்ந்து முடிந்த பிறகு ஒடுங்கிய பட்டிகளாக அறுத்து இழைத்தால், வீணாவது குறைவாகவே இருக்கும்.

கேள்வி: என் மோட்டார் ரம்பம் ஒரு பக்கமாகவே வளைந்து அறுக்கிறது. சில்லுக்குப் பதிலாகத் தூள் கொட்டுகிறது.

பதில்: தூள் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது. ஒரு பக்கப் பற்கள் மட்டும் கூராகவோ நீளமாகவோ இருந்தால் அந்தப் பக்கமாக வெட்டு வளையும். மிகவும் தேய்ந்த பல்லை அளவாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதே நீளத்துக்கு, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில், எண்ணி அரம் போடுங்கள். பல்லுக்கு முன்னாலுள்ள மேட்டை அளவுக்கு மீறி ராவிவிடாதீர்கள்; சங்கிலி மரத்தைக் கவ்வி, ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளி எழும் ஆபத்து அதனால் கூடுகிறது.

கேள்வி: இருபது ஆண்டுகளாகத் தச்சுவேலை செய்கிறேன். மரத்தூள்தானே என்று முகமூடி அணிந்ததில்லை. தேவையா?

பதில்: கட்டாயம் தேவை, ஐயா. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது; மூக்கையும் அதைச் சுற்றியுள்ள குழிவறைகளையும் அது தாக்குகிறது. இழைப்புளி தள்ளும் சுருள்களைவிட, உப்புத்தாள் தேய்க்கும்போது பறந்து கண்ணுக்கே தெரியாமல் மிதக்கும் மாவுதான் அஞ்சத்தக்கது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 வகை முகமூடியை அணியுங்கள். பட்டறையைக் காற்றடித்தோ விளக்குமாற்றால் பெருக்கியோ சுத்தம் செய்யாமல், உறிஞ்சும் கருவியால் எடுங்கள். மூக்கின் ஒரே பக்கம் நாள்பட அடைத்திருந்தாலோ அடிக்கடி இரத்தம் கசிந்தாலோ, சளி என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து, செய்துவரும் தொழிலையும் அவரிடம் சொல்லுங்கள்.