கேள்வி – பதில்: கேலிக்கு இடம் எது?

கேள்வி: இறைச்சி, மீன், முட்டை மட்டுமன்றிப் பால், தயிர், தேன் ஆகியவற்றையும் விட்டு வீகன் முறையில் உண்டு வருகிறேன். உறவினர் வீட்டு விருந்துகளில் மற்றவர்கள் கேலி செய்யுமுன் நானே முந்திக்கொண்டு, "எருமைக்குப் போட்டியாகப் புல் மேய்பவள் வந்துவிட்டேன்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பேன். இப்போது விலங்குகளின் துன்பத்தைப் பற்றி மனப்பூர்வமாகப் பேசினாலும் சிரிக்கிறார்கள். நகைச்சுவையை விட்டுவிட வேண்டுமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: விட வேண்டாம், சகோதரி. பந்தியில் ஒருவர் ஓர் உணவைத் தவிர்த்தாலே, அதை உண்பவர்கள் தங்களைக் குறை சொல்வதாக எண்ணிக் கூசுகிறார்கள். உங்களை நீங்களே கேலி செய்தபோது அந்தக் கூச்சம் நீங்கியது. அது நல்ல காரியமே. ஆனால் உங்கள் கேலி உங்கள் கொள்கையின் மீதே விழுந்துவிட்டது. புல் மேய்பவள் என்று நீங்களே சொன்ன பிறகு, அந்த உணவு முறைக்குப் பின்னால் சிந்தித்து எடுத்த ஒரு முடிவு இருப்பதாக அவர்கள் எப்படி நினைப்பார்கள்?

உங்கள் தடுமாற்றங்களைச் சொல்லிச் சிரிக்க வையுங்கள். போகும் வீடெல்லாம் சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறதா என்று விசாரிப்பதையும், "தயிர் சைவம்தானே பிள்ளை" என்று சட்டியோடு வந்து நிற்கும் மாமியிடம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்குவதையும் சொன்னால், கேட்பவர்களுக்கு உங்கள் மீது அன்புதான் கூடும். காரணத்தைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பைக் கலக்காதீர்கள். கன்று ஈனாமல் பசுவும் எருமையும் பால் சுரப்பதில்லை. கன்றுக்குரிய பாலைத்தான் நாம் பங்கு போட்டுக்கொள்கிறோம். 1944 இல் இங்கிலாந்தில் டொனால்ட் வொற்சனும் அவருடைய தோழர்களும், மரக்கறி உண்போரிலிருந்து பிரிந்து வீகன் சங்கத்தைத் தொடங்கியதற்கும் பாலைப் பற்றிய கேள்வியே முதன்மையான காரணம். இதைப் பந்தி முழுவதற்கும் அறிவிப்பதைவிட, உண்மையாகவே கேட்கும் ஒருவரிடம் தனியே சொல்வது பயன் தரும்.

நம்முடைய மட்டக்களப்பு மாவட்டத்தில் இன்னொரு கவனமும் தேவை. எருமைத் தயிர் இங்கே பல குடும்பங்களின் சீவனோபாயம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராடத் தொடங்கிய பண்ணையாளர்களின் துயரம் நாம் அறியாததன்று. உங்கள் நகைச்சுவை அவர்களை ஒருபோதும் தொடக்கூடாது. தாங்கள் இகழப்பட்டதாக உணர்பவர்களிடம் கன்றைப் பற்றிய உங்கள் பேச்சு எடுபடாது.

அடுத்த விருந்துக்கு மாசி போடாத சம்பலும் தேங்காய்ப்பாலில் வைத்த பலாக்காய்க் கறியும் கொண்டுபோங்கள். எருமை வசனத்தைச் சொல்ல வேண்டாம். வழக்கம்போல் யாராவது அதை எடுத்துக்கொடுத்தால், "அது பகிடிக்குச் சொன்னது, மாமா, கன்றுகளை நினைத்துத்தான் பாலை விட்டேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்கும் சிரித்தால் நீங்கள் சேர்ந்து சிரிக்காமல், கறியைப் பரிமாறத் தொடங்குங்கள்.