இரத்தம் ஏற்றிய பிறகு சாயத்தண்ணி நிறத்தில் சிறுநீர்

தங்கச்சி, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அவசரம். கருப்பைக் கட்டியால் இரத்தம் போய், இரண்டு பை ஏற்றி வீட்டுக்கு வந்த அம்மாவுக்குப் பத்தாம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போகிறது. நீங்கள் செங்கமாரி என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துப் பார்ப்போம், கிளினிக் நாள் வரட்டும் என்றெல்லாம் இருக்காமல், இரத்தம் ஏற்றிய அதே ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ சிறுநீர் குறைந்தாலோ பஸ்ஸுக்கு நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

வகை மாறிய இரத்தத்தை ஏற்றிவிட்டார்களோ என்றுதானே இராத்திரி முழுக்க போனில் தேடியிருக்கிறீர்கள்? ஏ, பி, ஓ வகை மாறியிருந்தால் பெரும்பாலும் ஏற்றத் தொடங்கிய சற்று நேரத்திலேயே நடுக்கம், இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், பிரஷர் இறங்குவது என்று காட்டிவிடும். அதற்காகத்தான் முதல் 15 நிமிடம் தாதி கட்டிலைவிட்டு விலகுவதில்லை. இது வேறு. அம்மா நான்கு பிள்ளை பெற்றவர். பிள்ளையின் சிவப்பணுக்கள் தாயின் இரத்தத்தில் கலக்கும்போது, சில தாய்மாருக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் வகைகளுக்கு அப்பாற்பட்ட சிறு வகைகளுக்கு எதிராக எதிர்ப்பொருள் (அன்டிபொடி, அந்நியமானதைத் தாக்க உடம்பு உண்டாக்கும் புரதம்) உண்டாகும். வருடங்கள் போக அது குறைந்து, பொருத்தம் பார்க்கும்போது அகப்படாது. அதே சிறு வகை உள்ள இரத்தம் ஏறினால், பெரும்பாலும் 3 முதல் 14 நாளுக்குள் அந்த எதிர்ப்பொருள் திரண்டு வந்து ஏற்றிய சிவப்பணுக்களை உடைக்கும். மஞ்சளும் கறுத்த சிறுநீரும் அதனால் வரலாம், அதைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். யாரும் கவனயீனமாக இருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். "இரத்தம் ஏற்றிப் பத்து நாள்" என்பதை வாய் திறந்து சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வெறும் செங்கமாரியாகப் பார்த்து அனுப்பிவிடக்கூடும். ஹீமோகுளோபின், பிலிருபின் (சிவப்பணு உடையும்போது வரும் மஞ்சள் பொருள்), சிவப்பணுவில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ஸ் பரிசோதனை செய்வார்கள். பலருக்குக் கண்காணிப்பே போதும், சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கும்.

முதல் பையில் குளிர்க் காய்ச்சல் வந்து, நிறுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததை ஏற்றினார்கள் என்றால், அது அடிக்கடி காணும் சாதாரண எதிர்வினையாகவே இருந்திருக்கும். எச்ஐவி பயமும் வேண்டாம், ஒவ்வொரு பையும் சோதித்துத்தான் வருகிறது. கடையில் வாங்கிய டைக்குளோபினாக் வலி மருந்தை மட்டும் இனித் தொடாதீர்கள், இந்த நேரத்தில் சிறுநீரகத்துக்கு ஆகாது.

அப்புறம், அடுத்த மாதம் ஒப்பரேஷன் என்கிறீர்கள். எதிர்ப்பொருள் இருப்பது உறுதியானால் அதன் பெயரை எழுதி வாங்கி, அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். அந்த வகை இல்லாத இரத்தத்தை இரத்த வங்கி தேடி எடுக்க நாள் பிடிக்கும், ஒப்பரேஷனுக்கு முன்கூட்டியே காட்டுங்கள்.