புகைபிடித்தல் தடைச் சட்டத்தை மக்கள் தாமாகவே மதிக்கச் செய்வது எப்படி?

பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை இருந்தும் பலர் அதை மதிப்பதில்லையே, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டனையைவிட, தடை எதற்காக என்பதை மக்களுக்கு முன்கூட்டியே புரியவைப்பதுதான் முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. மதுக்கூடங்கள் உட்பட ஏறக்குறைய எல்லா மூடிய பணியிடங்களிலும் 2004 மார்ச் 29 முதல் புகைபிடிப்பதைத் தடைசெய்த அயர்லாந்து, அதைப் புகைப்பவர்களுக்கு எதிரான நடவடிக்கையாக அல்லாமல், பிறர் விடும் புகையை நாள் முழுவதும் சுவாசிக்க நேரும் ஊழியர்களுக்கான பாதுகாப்பாகவே எடுத்துரைத்தது.

அடுத்து, பொறுப்பைப் புகைப்பவரிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. உலகச் சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 8ஆம் பிரிவுக்கு 2007இல் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல்கள், இடத்தின் உரிமையாளரோ மேலாளரோ அறிவிப்புப் பலகை வைக்கவும், சாம்பல் கிண்ணங்களை அகற்றவும், மீறுபவரிடம் நிறுத்தும்படி கேட்கவும் கடமைப்பட்டவர் என்கின்றன. சாம்பல் கிண்ணம் மேசையில் இருக்கும்வரை, சுவரில் உள்ள எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

தனிப் புகையறைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றோட்டக் கருவிகளால் புகையின் நச்சை முழுமையாக நீக்க முடியாது என்பதோடு, விதிவிலக்குகள் சட்டத்தையே குழப்பமாக்குகின்றன. புகார் தெரிவிக்க எளிதான தொலைபேசி எண்ணும், திடீர் ஆய்வுகளும், தவறாமல் வசூலிக்கப்படும் அபராதமும், கைவிட விரும்புவோருக்கு இலவச ஆலோசனையும் உடன் இருக்க வேண்டும்.