எக்ஸ்போர்ட்டில் சிந்தசைசர் மட்டும் மௌனம்: என்ன செய்வது?

கேள்வி: கோர்க் மினிலாக்கை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்புடன் இணைத்து ஏபிள்டன் லைவ் என்ற இசைப்பதிவு மென்பொருளில் பதிவு செய்கிறேன். சிந்தசைசரில் மாட்டிய ஹெட்போனில் எல்லாம் கேட்கிறது. எக்ஸ்போர்ட் செய்த ஃபைலில் அந்தப் பகுதி மட்டும் காலி. வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை அடிப்பதுபோலவும் இருக்கிறது. கருவியில் கோளாறா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது. மினிலாக்கின் யூஎஸ்பி வழியே மிடி எனும் வாசிப்புக் குறிப்புகள் மட்டும்தான் போகும், ஒலி போகாது. எந்தக் கீயை எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்பதைத்தான் லைவ் எழுதி வைத்திருக்கிறது. அதைத் திரும்ப ஓட்டும்போது மினிலாக் வாசிக்கிறது. அந்த ஒலி லேப்டாப்புக்குள் வரவே இல்லை. பிறகு எக்ஸ்போர்ட்டில் எப்படி இருக்கும்?

ஒலிக்குத் தனிக் கேபிள் வேண்டும். மினிலாக்கின் பின்புறமுள்ள அவுட்புட்டிலிருந்து 6.35 மி.மீ. கேபிளை ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி) முதல் இன்புட்டில் செருகுங்கள். அந்த இன்புட்டை லைன் நிலையில் வையுங்கள். கிட்டாருக்கான இன்ஸ்ட்ருமென்ட் பட்டன் அழுந்தியிருந்தால் ஒலி எளிதில் பிசிறடிக்கும். நீங்கள் வாசிப்பதிலேயே சத்தமான இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் போதும்.

அப்புறம் லைவில் ஒரு ஆடியோ டிராக் திறந்து, இன்புட்டாக 1 என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். மினிலாக்கின் அவுட்புட் மோனோ. 1/2 என்று வைத்தால் ஒலி இடது பக்கம் மட்டும் வரும். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் (லேப்டாப்பைச் சுற்றாமல் ஒலியை நேரே கேட்கும் வசதி) இருந்தால் அதில் கேட்டுக்கொண்டு, டிராக்கின் மானிட்டரை ஆஃப் செய்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் ஒரே ஒலி சற்றுத் தள்ளி இன்னொரு முறை கேட்கும்.

சரி, சுரம் இரட்டிப்பது ஏன்? நீங்கள் அழுத்தும் கீ உள்ளேயே ஒருமுறை ஒலிக்கிறது. அதே சுரம் லைவுக்குப் போய்த் திரும்பி வந்து மறுமுறை ஒலிக்கிறது. மினிலாக்கின் குளோபல் எடிட்டில் லோக்கல் அமைப்பை ஆஃப் செய்தால் உள்வழி அடைபடும். லைவின் மிடி அமைப்பில் மினிலாக்கின் கீபோர்டு/நாப் என்ற இன்புட்டுக்கும் சவுண்டு என்ற அவுட்புட்டுக்கும் டிராக் என்பதை ஆன் செய்து, மிடி டிராக்கில் அந்த இரண்டையும் தேர்ந்தெடுங்கள். லைவ் இல்லாமல் தனியாக வாசிக்கும் நாளில் லோக்கலை மறக்காமல் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் கீ அழுத்தினாலும் சத்தம் வராது.

ஆடியோ கேபிளும் யூஎஸ்பியும் சேர்ந்தால் சிலருக்கு ரீங்காரம் கேட்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால், கிரவுண்ட் லூப்தான் (கருவிகளின் எர்த் இணைப்புகள் கேபிள்கள் வழியே வளையமாகச் சேர்வது) காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் வழக்கம் ஆபத்தானது, தயவுசெய்து வேண்டாம். இன்டர்ஃபேஸில் மிடி துளைகள் இருந்தால் யூஎஸ்பிக்குப் பதில் ஐந்து பின் மிடி கேபிள்களைப் பயன்படுத்துங்கள். மிடி இன்புட்டில் ஒளிவழித் தடுப்பு இருப்பதால் அந்த லூப் அறுபடும். அப்படி மாற்றினால் லைவிலும் இன்டர்ஃபேஸின் மிடி போர்ட்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாசிப்பு கைக்குப் பின்தங்கினால் லைவின் ஆடியோ அமைப்பில் பஃபரை (லேப்டாப் ஒலியை ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் அளவு) 128 சாம்பிளுக்குக் குறையுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு திசைக்கு 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. பாட்டை மிக்ஸ் செய்யும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

ஆடியோவை எப்போது பதிவு செய்வது? வாசிப்பு பிடித்துப்போன அன்றே. மிடியைத் திருத்தி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் யாரோ ஒரு நாப்பைத் திருப்பியிருப்பார்கள், அந்த ஒலி திரும்பக் கிடைக்காது. முதலில் ஒலியை மினிலாக்கில் புரோகிராமாகச் சேமியுங்கள். ஆடியோ டிராக்கை ஆர்ம் செய்து (பதிவுக்குத் தயாராக்கி), மிடி கிளிப்பை ஓடவிட்டு, பாட்டு முழுவதையும் பதிவு செய்யுங்கள். புரோகிராம் எண்ணை டிராக் பெயரிலேயே எழுதி, மிடி டிராக்கை அழிக்காமல் மியூட்டில் வையுங்கள்.