செம்பருத்தியில் புல்லி வட்டம் எது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்குச் செம்பருத்தியைப் பிரித்து, பாகங்களைச் சார்ட்டில் ஒட்டிப் பெயர் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பூவுக்கு அடியில் பச்சையாக இரண்டு அடுக்கு இருக்கிறது. எதைப் புல்லி வட்டம் என்று எழுதுவது? இல்லை, வேறு பூவைத் தேடலாமா?"

செம்பருத்தியே போதும், ஒற்றை அடுக்குப் பூவாகப் பறியுங்கள். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழாக மாறியிருக்கும், பிள்ளை குழம்பிப்போகும்.

இரண்டு பச்சை அடுக்குகளில் மேலே கிண்ணம் மாதிரி இருப்பதுதான் புல்லி வட்டம். 5 புல்லி இதழ்கள் அடியில் ஒட்டிப் பிறந்து ஒரே குழலாகியிருக்கின்றன. விளிம்பில் தெரியும் 5 பற்களை எண்ணினால் கணக்குச் சரியாக வரும். அதற்குக் கீழே ஒல்லியாக, தனித்தனியாக நீட்டிக்கொண்டிருப்பவை புறப்புல்லி வட்டம். பெரும்பாலும் 6 அல்லது 7 இருக்கும், பூவுக்குப் பூ மாறும். இவை உண்மையில் காம்பைச் சேர்ந்த செதில்கள். ஏழாம் வகுப்புக்கு இந்தப் பெயர் தேவையில்லைதான். ஆனாலும் ஒட்டி எழுதிவிடுங்கள், கண்ணுக்குத் தெரிவதை எப்படி மறைப்பது?

நிகண்டுகளில் அல்லி என்றால் அகவிதழ், புல்லி என்றால் புறவிதழ். பாடநூல் சொல்லும் அதுவே. புல்லுதல் என்றால் தழுவுதல் என்று மகளுக்குச் சொல்லிவையுங்கள், மறக்காது. ஏன் தழுவ வேண்டும் என்று கேட்டால், நாளைக்கு விரியப்போகும் மொட்டு ஒன்றைப் பறித்துக் காட்டுங்கள். உள்ளே சிவப்பு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று திருகிக் கிடக்க, பச்சைக் கிண்ணம் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். வெயிலும் பூச்சியும் முதலில் அதைத்தான் தாண்ட வேண்டும்.

பூ விரிந்ததும் புல்லியின் வேலை எல்லாச் செடியிலும் முடிந்துவிடுவதில்லை. கத்தரிக்காயின் தலையில் முள்ளோடு ஒட்டியிருக்கும் பச்சைத் தொப்பி புல்லி வட்டம்தான், காயோடு சேர்ந்து வளர்கிறது. நாம் சின்ன வயதில் நெற்றியில் அடித்து உடைத்த சொடக்குத் தக்காளியின் பை இருக்கிறதே, அதுவும் ஊதிப்பெருத்த புல்லி. அஞ்சறைப் பெட்டியில் ஒரு கிராம்பை எடுத்துப் பாருங்கள். தலையில் நாலு முனைகள், அவை புல்லி. நடுவில் உருண்டையாக இருப்பது விரியாத இதழ்கள்.

சரி, ஒட்டும் வேலைக்கு வருவோம். கிண்ணத்தை அப்படியே ஒட்டினால் புடைத்துக்கொண்டு நிற்கும். பிளேடால் ஒரு பக்கம் நெடுகக் கீறி (அதை நீங்களே செய்யுங்கள்) விரித்தால் பல்வைத்த பட்டையாகும். விதை உருவாகும் சூலகம் அதற்குள்ளேதான் உட்கார்ந்திருக்கும், பார்த்துக் கீறுங்கள். சிவப்பு இதழ்களும் மகரந்தத் தாள்கள் சேர்ந்த நடுக்குழலும் அடியில் ஒட்டியிருப்பதால், இழுத்தால் சேர்ந்தே வரும். எல்லாவற்றையும் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி, ஈரம் போனபின் ஒட்டுங்கள்.

செம்பருத்தி கிடைக்காவிட்டால் கத்தரிப்பூ நல்லது. சம்பங்கி வேண்டாம், அதில் புல்லி அல்லி என்ற பிரிவே இல்லை. காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது இதழும் அல்ல, புல்லியும் அல்ல, பூவடிச் செதில். பூவரசம்பூ செம்பருத்தியின் குடும்பம்தான், ஆனால் அதன் கிண்ணத்துக்கு விளிம்பு மொட்டையாக இருக்கும், எண்ணுவதற்குப் பல் இருக்காது.