இரையாத கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வளவை (முற்றமுள்ள உள்கட்டை) ஒட்டிய அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. போட்டால் வீடு முழுக்க இரைகிறது. கணக்கு எழுத, மகள் ஆன்லைனில் படிக்க, வீடியோ பார்க்கத்தான் தேவை, கேம் கிடையாது. தேக்கு அலமாரிக்குள் அடங்குகிற அளவில், சத்தமில்லாமல், குறைந்த செலவில் புதிதாக அசெம்பிள் செய்ய என்னென்ன வாங்கலாம்?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இரைச்சலில் ஒரு பங்கு உங்கள் வீட்டுடையது. ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் சத்தத்தை விழுங்காது, திருப்பி அனுப்பும். மெத்தையும் திரைச்சீலையும் நிறைந்த அறையில் காதில் விழாத ஃபேன், உங்கள் வளவில் நன்றாகவே கேட்கும். சூடு குறைந்தால் ஃபேன் மெல்லச் சுற்றும். வாங்கும் ஒவ்வொன்றையும் இந்தக் கணக்கில் பாருங்கள்.

உங்கள் வேலைக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. சூட்டிலும் சத்தத்திலும் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். ப்ராசஸராக ரைசன் 5 5600ஜி (6 கோர், 65 வாட்) அல்லது இன்டெல் கோர் ஐ3-12100 (4 கோர், 60 வாட்) போதும். பெயரின் வாலைக் கவனியுங்கள்: இந்த ரைசனில் ‘ஜி’ இருக்க வேண்டும், இன்டெலில் ‘எஃப்’ இருக்கக் கூடாது. வெறும் 5600, 12100எஃப் இரண்டிலும் உள் கிராஃபிக்ஸ் இல்லை. திரையில் படமே வராது. 5600ஜி வாங்கினால் பயாஸில் (கம்ப்யூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன் திறக்கக்கூடிய அமைப்புத் திரை) அதை 45 வாட்டுக்கு இறக்கி வையுங்கள். உங்கள் வேலையில் வேகம் குறைந்தது தெரியாது. கூடவே வரும் கூலர் (ப்ராசஸர் மேல் உட்காரும் ஃபேன்) அடங்கி ஓடும்.

மதர்போர்டில் 17 செ.மீ. சதுரமான மினி ஐ.டி.எக்ஸ். மீது ஆசை வரும். அந்த அளவுக்கு போர்டும் கேபினெட்டும் விலை கூடுதல்; பல கேபினெட்டுகளுக்கு எஸ்.எஃப்.எக்ஸ். என்ற சின்ன எஸ்.எம்.பி.எஸ்.ஸும் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) தனியாகத் தேட வேண்டும். அதிகபட்சம் 24.4 செ.மீ. சதுரமுள்ள மைக்ரோ ஏ.டி.எக்ஸ். எடுங்கள். ரைசனுக்கு ஏ520 சிப்செட் போர்டு, இன்டெலுக்கு எச்610. எச்610 போர்டு டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இரண்டு ரேம் வகையிலும் வருகிறது. ஒன்றின் ரேம் மற்றதில் உட்காராது. ஏ520 பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸ் அப்டேட் செய்யாமல் 5600ஜி எழும்பாது. கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி எடுத்து வாருங்கள்.

ரேம் 16 ஜி.பி. ஒற்றைக் குச்சியாக வேண்டாம், 8 ஜி.பி. இரண்டு. உள் கிராஃபிக்ஸ் ரேமிலிருந்துதான் தீனி எடுக்கிறது; இரண்டு குச்சி என்றால் பாதையும் இரண்டு.

சேமிக்க 500 ஜி.பி. என்.வி.எம்.ஈ. எஸ்.எஸ்.டி. (சுற்றும் பாகமே இல்லாதது, போர்டிலேயே சொருகுவது) போதும். உள்ளே ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் விநாடிக்கு 120. அந்த ரீங்காரம் கேபினெட் வழியாக மரப் பலகையில் இறங்கி, பலகையே பாட ஆரம்பித்துவிடும். பழைய ஃபோட்டோக்களை யு.எஸ்.பி. டிஸ்க்கில் வைத்து, தேவைப்படும்போது மாட்டுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான முத்திரை), 120 மி.மீ. ஃபேன் உள்ளதாக இருக்கட்டும். கேபினெட்டோடு இலவசமாக வருவதை நம்ப வேண்டாம். கேபினெட்டின் முன்பக்கம் வலையாகவும், உள்ளே 120 மி.மீ. ஃபேன் மாட்ட இடமுள்ளதாகவும் பாருங்கள். அதே காற்றைத் தள்ள 80 மி.மீ. ஃபேன் வெகு வேகமாகச் சுற்ற வேண்டும்; 120 மி.மீ. ஃபேனுக்கு நிமிடத்துக்கு 800 சுற்றே போதும். முற்றத்துத் தூசு வரும் என்பதால் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் அவசியம்.

அலமாரி யோசனையைக் கைவிடுங்கள். மும்முரமாக வேலை செய்யும்போது மெஷின் விடும் சூடு, ஒரு 60 வாட் குண்டு பல்பைப் பூட்டிய அலமாரிக்குள் எரியவிட்டதுபோல. விட்ட சூட்டையே திரும்ப இழுத்து ஃபேன் கத்தும். பின்பலகையில் துளை போடலாம்தான். தேக்கில் அதைச் செய்யச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மேசைக்குக் கீழே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ரப்பர் பாய் மேல் வையுங்கள்.

ரேம், எஸ்.எஸ்.டி. விலை ஏறி இறங்குவதால் இங்கே ரூபாய்க் கணக்கு போடவில்லை. கையைக் கடித்தால் எஸ்.எஸ்.டி.யை 256 ஜி.பி.யாகக் குறையுங்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: புதிதாக அசெம்பிள் செய்த மெஷின். சும்மா இருக்கும்போதே ஃபேன் திடீரென உறுமுகிறது, உடனே அடங்குகிறது. ஃபேன் கோளாறா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பெரும்பாலும் இல்லை. ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தாலே ப்ராசஸர் சூடு சட்டென்று பத்து டிகிரி ஏறி இறங்கும். போர்டு அதன் பின்னாலேயே ஓடுகிறது. பயாஸின் ஃபேன் பகுதியில் 60 டிகிரி வரை 30 சதவீதம், 75-இல் 60, 85-இல் 100 என்று வையுங்கள். சித்திரை வெயிலில் 40 டிகிரியிலிருந்தே ஏறுமாறு வைத்தால் அது அடங்கவே அடங்காது. ஃபேன் தாமதமாக வேகம் மாற்றும் வசதி போர்டில் இருந்தால் மூன்று, நான்கு விநாடி கொடுங்கள்.

கேபினெட் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடினால் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின் ஃபேனுக்கு பயாஸில் பி.டபிள்யூ.எம். (நான்கு பின் ஃபேனுக்கான முறை) அல்ல, டி.சி. என்று அமைக்க வேண்டும். டிக், டிக் என்றால் ஏதோ ஒயர் இறக்கையில் படுகிறது.

சும்மா இருக்கும்போதே 80 டிகிரியைத் தாண்டினால் கூலரைக் கழற்றுங்கள். அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருப்பார்கள், அல்லது இன்டெல் கூலரின் நான்கு பின்களில் ஒன்று சரியாக இறங்கியிருக்காது. திரும்ப மாட்டும்போது ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையே சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு போதும்.

கேள்வி: வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்கிறது. எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டுமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: முதலில் எர்த்தைப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்தவை. எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட்டில் நிற்கும். பழைய வீட்டு வயரிங்கில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பதுண்டு. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் சுள்ளென்றால்தான் எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகம். மூன்றாவது பின்னை ஒடித்து இரண்டு பின் சாக்கெட்டில் சொருகாதீர்கள்.

கேள்வி: அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். ஹாஸ்டல் மேசை சின்னது, பணமும் குறைவு. ஆபீஸ்களில் கழித்த மினி கம்ப்யூட்டர் வாங்கலாமா?
– மாணவர், காரைக்குடி

பதில்: தாராளமாக. புதிதாக அசெம்பிள் செய்து அந்த அளவையும் அமைதியையும் அந்த விலையில் எட்டுவது கடினம். லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்.பி. மினி எல்லாம் ஒரு தடிமனான அகராதி அளவுதான். எட்டாம் தலைமுறை இன்டெலுக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது அதிலிருந்துதான், விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது. ஐ5-8500டி (6 கோர், 35 வாட்) கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்குமுன், பயாஸில் பாஸ்வேர்டு பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கம்பெனியின் அசல் அடாப்டரோடு வாங்குங்கள். டெல்லில் வேறு அடாப்டர் போட்டால் அது அடையாளம் தெரியாமல் ப்ராசஸரை ஆமை வேகத்துக்கு இறக்கிவிடும். ரேம் கூட்டினால் லேப்டாப் ரேம்தான் பொருந்தும். சிலவற்றில் எச்.டி.எம்.ஐ. இருக்காது, டிஸ்ப்ளே போர்ட் மட்டுமே இருக்கும். மானிட்டருக்கு ஏற்ற கேபிளையும் அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள்.