மருந்து கட்டியிலேயே தங்கினால்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. சேகோ பேக்டரியில்தான் காலமெல்லாம் வேலை, வாயில் எப்போதும் புகையிலை. கன்னத்தின் உள்பக்கம் புண் வந்து, புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். சேலத்தில் கீமோ ஏற்றுகிறோம். இரண்டு தடவைக்கே வாந்தி, சோர்வு, கஞ்சிகூட இறங்கவில்லை. கிழங்கு மாவு, இறால் ஓடு போன்றவற்றில் நானோ துகள் செய்து கட்டியில் மட்டும் மருந்தை விடுகிறார்கள் என்கிறான் தம்பி. அதே பெயர் சொல்லி ஒருவர் வீட்டுக்கே ஒரு பொடியைக் கொண்டுவந்தார். கீமோவை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்கலாமா?
– ஆத்தூர் வாசகி

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. பொடியையும் வாங்காதீர்கள். அடுத்த ஊசி நாள் நெருங்கியிருக்கும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் பேசுவோம்.

தம்பி சொன்னதில் உண்மை இருக்கிறது. வாய்ப் புற்றுக்கு அதிகம் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று சிஸ்பிளாட்டின். அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, கட்டிக்குப் போய்ச் சேருவது அதில் கொஞ்சம்தான், மீதி சிறுநீரகத்தையும் காதையும் குடலையும் போட்டுப் பார்த்துவிடுகிறது. அதனால்தான் அந்த மருந்துக்கு முன்னும் பின்னும் அவ்வளவு குளுக்கோஸ், உப்புநீர் பாட்டில்கள் ஏற்றுகிறார்கள். மருந்தைப் புண் இருக்கும் இடத்திலேயே வைத்துவிட்டால் இந்தப் பாடெல்லாம் குறையுமே என்று விஞ்ஞானிகள் தேடியபோது கைக்குக் கிடைத்தவைதான் உயிர்ப்பொருள் பாலிமர்கள், அதாவது உயிரினங்களிலிருந்து கிடைக்கும், சங்கிலிபோல நீண்ட மூலக்கூறுகள்: இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், கடல்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட், முட்டையிலும் ரத்தத்திலும் இருக்கும் ஆல்புமின், அப்புறம் உங்கள் ஊர்க் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச். இவை உடம்புக்குள் மெல்லக் கரைந்துபோகக்கூடியவை என்பதுதான் பெரிய வசதி.

இதில் கைட்டோசானுக்குத் தனி மவுசு. லேசான அமிலத்தில் கரைத்து, பாஸ்பேட் உப்பு ஒன்றைச் சேர்த்தால், எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோல அது தானாகவே நுண்துகளாகத் திரள்கிறது, மருந்தும் உள்ளே மாட்டிக்கொள்கிறது. ஒரு துகள் 200 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 400 துகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். கைட்டோசானுக்கு நேர்மின்னூட்டம், வாயின் உள்தோல் மேல் இருக்கும் சளிப்படலத்துக்கு எதிர்மின்னூட்டம், அதனால் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தாலும் துகள் ஒட்டிக்கொள்கிறது. வெறும் ஸ்டார்ச் துகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற, மாவைச் செரிக்கும் நொதி அதை உடைத்துவிடும். மாவை வேதியியல் முறையில் மாற்றி, பிணைப்பைக் கெட்டியாக்கித்தான் பயன்படுத்த முடியும். ஜவ்வரிசிக் கஞ்சி குடித்தால் இந்தப் பலன் கிடைக்காது. ஆனால் அப்பாவுக்கு இறங்குகிறதென்றால் தாராளமாகக் கொடுங்கள், அவருக்கு இப்போது சோறும் மருந்துதான்.

சிஸ்பிளாட்டினைக் கைட்டோசான் துகளில் அடைத்து, வாய்ப்புண் மேல் ஒட்டும் பட்டையாக்கி, அறுவை சிகிச்சைக்கு முன்னால் நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். கட்டி சுருங்கியது, ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாகவே கலந்தது. படிக்கும்போது எனக்கே உங்கள் அப்பா மாதிரி ஆட்களை நினைத்து மனசு துள்ளியது. ஆனால் சோதனையில் கலந்துகொண்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதோடு, வாய்ப் புற்று கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவக்கூடியது. கன்னத்தில் ஒட்டிய பட்டை கழுத்துக்குப் போனதைத் துரத்திப் பிடிக்காது, ரத்தத்தில் ஓடும் கீமோதான் அங்கே போகும். உங்களுக்கு நரகமாகத் தெரிகிற அதே குணம்தான் இந்த இடத்தில் கைகொடுக்கிறது.

பொடிக்காரர் விஷயம். உண்மையான மருந்துச் சோதனை என்றால் மருத்துவமனையில் நடக்கும், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும், உங்கள் மொழியில் எழுதிப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள், சோதனை மருந்துக்குக் காசு கேட்க மாட்டார்கள். வீட்டு வாசலில் வந்து விற்க மாட்டார்கள்.

வாந்தியைத் தாங்கிக்கொண்டே ஆக வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். வாந்தி மாத்திரையை மாற்றலாம், கூட்டலாம், கீமோவுக்கு முந்தியே ஊசி போடலாம், விழுங்கவே முடியவில்லை என்றால் மூக்கு வழியே குழாய் வைத்து உணவு கொடுக்கலாம். கஞ்சிகூட இறங்கவில்லை என்பதைத் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நிறையப் பேர் "அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்" என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நானோ எல்லாம் எதற்கு, ஊசியால் மருந்தை நேரே கட்டியில் குத்திவிட்டால் என்ன?
– ஏற்காடு வாசகர்

பதில்: குத்தலாம், ஆனால் மருந்து நிற்காது. உங்கள் காபித் தோட்டச் சரிவில் மழை விழுந்த வேகத்தில் ஓடிவிடும், தழை மூடாக்கு போட்ட இடத்தில்தான் ஊறி இறங்கும் இல்லையா? கட்டியில் செலுத்திய வெறும் மருந்தும் சீக்கிரமே ரத்தத்தில் வடிந்துவிடுகிறது, துகளுக்குள் இருந்தால் நாள்கணக்கில் கசியும். நானோ துகளையே ரத்தம் வழியாக அனுப்பினாலும் கதை பெரிதாக மாறவில்லை. பத்து வருட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வெளியான கணக்குப்படி, செலுத்தியதில் கட்டியை அடைந்தது நடுமதிப்பில் 0.7 சதவீதம்தான். அதனால்தான் இடத்திலேயே வைக்கும் வழிகளில் இவ்வளவு பேர் மெனக்கெடுகிறார்கள். மூளைக் கட்டியை எடுத்த குழியில் கார்மஸ்டின் மருந்து கலந்த பாலிமர் வில்லைகளை வைப்பதற்கு அமெரிக்காவில் 1996-லேயே அனுமதி கிடைத்தது. அவை நானோ இல்லை, சட்டைப் பொத்தான் அளவு, அதிகபட்சம் எட்டு வைப்பார்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு மெல்ல மெல்ல மருந்தை விடும். நோயாளிகளுக்குக் கூடுதலாகக் கிடைத்த காலம் சில மாதங்கள்.